மோட்டர் வேண்டாம் ரீச்சர், சைக்கிளைக் கவிழ்த்து வையுங்கள்

இலங்கையின் வன்னியில், புதுக்குடியிருப்புப் பக்கத்தில் சித்திரம் படிப்பிக்கிற ரீச்சர் ஒருவர் கேட்ட கேள்விக்கு இது பதில். தரம் 10இல் இருபத்திரண்டு பிள்ளைகள். கண்காட்சிக்கு ஆறு கிழமை. வீட்டில் கிடக்கிற பழைய சாமான்களைக் கொண்டு, அசைகிற சிற்பம் ஒன்று செய்ய வேண்டுமாம். பிள்ளைகள் கொண்டுவந்து குவித்திருப்பவை: பிடி போன கேத்தில், சருவச்சட்டி இரண்டு, நெளிந்த கரண்டிகள், கறுப்புக் குடைகள், தலை இல்லாத தையல் மெசின் கால், அரிக்கன் லாம்பு, ஓடாத மேசை விசிறி, ஒரு சைக்கிள். "மோட்டர் எங்கே மலிவாக வாங்கலாம், எத்தனை வோல்ட் எடுக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார். கடைசியில் ஒரு வரி: "சைக்கிள் ஒரு பிள்ளையின் தகப்பனுடையது, அவர் இப்போது இல்லை, அதில் கை வைக்கத் தயக்கமாக இருக்கிறது."

எனக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும். ஐயா (என் அப்பா) பரந்தனில் சைக்கிள் கடை வைத்திருந்தார். நான் சித்திர ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன்.

மோட்டர் வாங்க வேண்டாம், ரீச்சர். பழைய கசற் றெக்கோடரில் கழற்றுகிற சின்ன மோட்டர்கூட நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு மேலும் ஓடும். அதில் பறவையை மாட்டினால் பறவை தெரியாது, மங்கலாக ஒரு வட்டம்தான் தெரியும். அந்த வேகத்தைக் கண்ணால் பார்க்கிற அளவுக்குக் குறைக்கப் பல்லுச் சில்லுகள் வேண்டும், அவற்றுக்கு அச்சு வேண்டும், அச்சைப் பிடிக்கச் சட்டம் வேண்டும். ஆறு கிழமையும் மோட்டருக்கு ஊழியம் செய்வதிலேயே போய்விடும். அதோடு, சுவிட்சைப் போட்டுவிட்டுத் தள்ளி நிற்கிற பிள்ளைக்கு எங்கே இறுகுகிறது, எங்கே நழுவுகிறது என்று தெரியாது. கையால் சுற்றுகிற பிள்ளைக்கு அது உள்ளங்கையில் தெரியும். மேசை விசிறியை 230 வோல்ட்டில் ஓடவிட்டு, தகரமும் கம்பியுமான சிற்பத்துக்குள் வைக்கலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். வயரை வெட்டி எடுத்துவிட்டு, விசிறியின் முன் தண்டைப் பிள்ளைகள் கையால் சுற்றிப் பார்க்கட்டும். தண்டு எத்தனையோ தரம் சுற்றினால்தான் விசிறியின் கழுத்து ஒருதரம் இடமிருந்து வலம் திரும்பும். வேகத்தை மெதுவாக மாற்றுவது என்றால் என்ன என்று விளங்க அந்த ஒரு விசிறி போதும்.

வேலை தொடங்க முன் ஒரு கண்டிப்பு. வீட்டிலிருந்து வந்த, இன்னதென்று எல்லோருக்கும் தெரிந்த சாமான் மட்டும்தான். பற்றைக்குள் கிடந்தது, வாய்க்காலில் மிதந்து வந்தது, கைவிட்ட வளவில் கிண்டி எடுத்தது, இதெல்லாம் எவ்வளவு வடிவாக இருந்தாலும் வேண்டாம். 2009இல் போர் முடிந்த பிறகும் எங்கள் மாவட்டங்களில் பழைய இரும்பு பொறுக்கப் போய், வெடிக்காமல் கிடந்த குண்டுகளில் கையையும் காலையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள். "இரும்புச் சாமான் கொண்டுவாருங்கோ" என்று ஆசிரியர் சொன்ன வார்த்தையை ஒரு பொடியன் எப்படி எடுத்துக்கொள்வான் என்று நாங்கள்தான் யோசிக்க வேண்டும். ஏதாவது கண்டால் தொடாமல் வந்து சொல்லட்டும். பொலிசுக்கோ கிராம சேவகருக்கோ அறிவிக்கலாம். அதேபோல வாசனை ஸ்பிறே பேணி, குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கக் குழாய், ரியூப் லைற் ஆகியவற்றையும் ஒதுக்கி வையுங்கள். ரியூப் லைற்றுக்குள் பாதரசம் இருக்கிறது.

முதல் நாள் ஒருவரும் படம் கீற வேண்டாம். சாமான்களை நிலத்தில் பரப்பி, ஆளுக்கொன்றைக் கையில் எடுத்து, அது எப்படி அசைகிறது என்று மட்டும் எழுதட்டும். சாமானின் பெயரை எழுதக் கூடாது. குடை என்று எழுதினால் மழைதான் நினைவுக்கு வரும். "ஒரு குழலைத் தள்ள, எட்டுக் கம்பி ஒரே நேரத்தில் விரியும்" என்று எழுதினால் தாமரை வரும், சிலந்தி வரும், மயில் வரும். தையல் மெசின் கால்: "மேலும் கீழும் மிதிக்க, சில்லு வட்டமாகச் சுற்றும்." அரிக்கன் லாம்பு: "ஒரு கம்பியை அமத்தக் கண்ணாடி எழும்பும்." கதவுப் பிணைச்சல், கத்தரிக்கோல், கையால் சுற்றுகிற தேங்காய்த் திருவலை, கிணற்றுக் கப்பி எல்லாவற்றிலும் யாரோ ஒரு காலத்தில் மண்டையை உடைத்துக் கண்டுபிடித்த அசைவு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. அந்த அசைவைத் தொந்தரவு செய்யாமல், அதற்கு வேறொரு உடம்பைக் கொடுத்தால் போதும். இந்த வகைச் சிற்பத்தில் எனக்குப் பிடிபட்ட முழு இரகசியமும் அவ்வளவுதான்.

அதிபர் "இதென்ன குப்பை" என்று கேட்டால் சொல்லக் கொஞ்சம் சரித்திரம். மார்செல் டுஷாம்ப் 1913இல் பாரிசில் ஒரு சைக்கிள் சில்லை அதன் கவையோடு தலைகீழாக ஒரு குசினி ஸ்டூலில் ஏற்றி வைத்தார். சும்மா சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார், அடுப்பு நெருப்பைப் பார்ப்பதுபோல. முதலாவது தொலைந்துவிட்டது; 1951இல் திரும்பச் செய்தது நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அலெக்சாண்டர் கால்டர் 1919இல் பொறியியல் பட்டம் பெற்றவர், பிறகுதான் சிற்பத்துக்கு வந்தார். அவருடைய அசையும் சிற்பங்களுக்கு 1931இல் 'மொபைல்' என்று பெயர் வைத்தவரும் இதே டுஷாம்ப்தான். ஆரம்பத்தில் கால்டரும் மோட்டரும் கைபிடியும் பொருத்தித்தான் செய்தார். போகப்போக மோட்டரைக் கைவிட்டு, காற்றிடமே வேலையை ஒப்படைத்தார். ஜான் டிங்கெலி என்ற சுவிஸ்காரர் 1960 மார்ச் 17இல் அதே நியூயோர்க் அருங்காட்சியகத்தின் தோட்டத்தில் பியானோ, குளிக்கிற தொட்டி, சைக்கிள் சில்லுகள் எல்லாவற்றையும் சேர்த்து, தன்னைத் தானே உடைத்துக்கொள்கிற பொறி ஒன்றை ஓடவிட்டார். 27 நிமிடத்தில் தீயணைப்புப் படை வந்து முடித்து வைத்தது. இந்தக் கடைசிக் கதையை அதிபருக்குச் சொல்லாமல் விடுவது நல்லது.

எங்களுக்குக் கிட்டவும் ஆள் இருக்கிறார். இந்தியாவில் அரவிந்த் குப்தா, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு ரியூபையும் வைத்துப் பிள்ளைகளுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் காட்டியவர். குச்சிக்குக் குச்சி மூட்டு அந்தச் சின்ன ரப்பர்க் குழல்தான். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்த மூட்டை நீங்களும் பயன்படுத்தலாம். சைக்கிள் கடையில் காலடியில் கிடக்கிற சாமான்.

முதற் கிழமைக்குச் சின்ன வேலை ஒன்று போதும்: கரண்டித் தராசு. 60 செ.மீ. கம்பி ஒன்று எடுங்கள். ஒரு நுனியில் 60 கிராம் கரண்டி, மறு நுனியில் 20 கிராம் தேக்கரண்டி, இரண்டையும் தங்கூசியில் (நைலோன் நூல்) கட்டித் தொங்கவிடுங்கள். கம்பியை எங்கே பிடித்தால் சமனாக நிற்கும்? பாரமான பக்கத்திலிருந்து 15 செ.மீ.: 60ஐ 15ஆல் பெருக்கினாலும் 900, 20ஐ 45ஆல் பெருக்கினாலும் 900. கம்பிக்கும் நிறை இருப்பதால் அந்த இடம் நடுவை நோக்கிக் கொஞ்சம் நகரும். எவ்வளவு என்று கணிக்க வேண்டாம், விரலில் வைத்துத் தேடட்டும். இப்படி ஒன்று செய்தபின், அதன் மொத்த நிறையை இன்னொரு கம்பியின் ஒரு பக்கத்தில் தொங்கவிட்டு, மறுபக்கத்துக்கு வேறு சாமான். எப்போதும் கீழிருந்து மேலே கட்டுங்கள். மேலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டிவரும்.

பிள்ளைகள் மாட்டுப்படுகிற இடம் இன்னொன்று. கம்பியை நேர்கோடாக வைத்து, தொங்கவிடுகிற புள்ளியும் இரண்டு கரண்டிகளின் கட்டும் ஒரே கோட்டில் வந்தால், கம்பி எந்தச் சாய்வில் விட்டாலும் அப்படியே நின்றுவிடும், திரும்பி வராது. தொங்கும் புள்ளி அந்தக் கோட்டுக்குக் கீழே போனால் குப்புறக் கவிழும். நடுவை மேலே தூக்கி, இரண்டு நுனியையும் சற்றுக் கீழே வளைத்துவிட்டால் ஆடி ஆடி நிலைக்கு வரும். எவ்வளவு அதிகமாக வளைக்கிறீர்களோ அவ்வளவு கெதியாக ஆடும். கொஞ்சமாக வளைத்தால் ஆறுதலாக, யோசித்து யோசித்து ஆடும். அந்த யோசிக்கிற ஆட்டம்தான் வடிவு.

இதை வெளியே தொங்கவிட வேண்டாம். ஆனி, ஆடிச் சோளகக் காற்றில் ஒரு பின்னேரத்திலேயே தங்கூசி எல்லாம் சிக்கிச் சடையாகிவிடும். மண்டபத்துக்குள் ஆட்கள் நடந்துபோகிற காற்றே போதும். வெளியே காற்றில் சுற்றுவதற்கு ஏதாவது வேண்டுமென்றால் ரயர் கழற்றிய சில்லு ஒன்றைக் கம்பத்தின் உச்சியில் படுக்கையாக வைத்து, ஓரத்தில் ஆறு சிரட்டைகளை ஒரே பக்கம் பார்க்கக் கட்டுங்கள். குழிந்த பக்கத்தில் காற்று அதிகமாகத் தள்ளும், குவிந்த முதுகில் வழுக்கிப் போகும். காற்று எந்தத் திசையில் வந்தாலும் ஒரே பக்கமாகத்தான் சுற்றும். பளையில் நிற்கிற பெரிய காற்றாலைகள் காற்றுக்கு முகம் திருப்ப வேண்டும். சிரட்டைச் சில்லுக்கு அந்தக் கவலை இல்லை.

எதைச் செய்தாலும் அச்சுத்தான் உயிர். வீட்டில் கிடைக்கிறவற்றில் சைக்கிள் முன்சில்லின் அச்சை மிஞ்ச ஒன்றுமில்லை. பக்கத்துக்குப் பத்துச் சின்னக் குண்டு உள்ளே உருளும். கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, பழுதான குண்டை மாற்றி, மெசின் ஒயில் இரண்டு சொட்டு விடுங்கள். காற்றில் சுற்றுகிற வேலைக்குக் கிறீஸ் தடிப்பு, பிடித்துக்கொள்ளும். பிறகு கூம்பு நட்டை ஆட்டம் இல்லாமல் இறுக்கி, கால் சுற்றுத் திருப்பித் தளர்த்துங்கள். சரியா என்று பார்க்க ஐயாவிடம் ஒரு சோதனை இருந்தது. சில்லைத் தூக்கிப் பிடித்து, வால்வு பக்கவாட்டில் நிற்க விட்டுவிடுவார். அந்தச் சின்ன வால்வின் பாரத்துக்கே சில்லு தானாக அசைந்து, வால்வு கீழே வந்து, தாண்டிப் போய், திரும்பி வந்து, ஊஞ்சல்போல நாலைந்து தரம் ஆடி நிற்க வேண்டும். பக்கவாட்டிலேயே நின்றுவிட்டால் "இன்னும் இறுக்கம்" என்று திரும்ப என் கையில் தருவார். கடையில் எனக்கு எட்டு வயதில் கொடுத்த முதல் வேலை அதுதான்.

இனிப் பெரிய வேலை: மயில். வன்னியில் பிள்ளைகளுக்கு மயிலைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை, விடியப்பறம் வயல் வரம்பில் நிற்பதுதானே.

நீளமான கறுப்புக் குடை ஒன்றின் துணியைக் கழற்றுங்கள். எட்டுக் கம்பி இருக்கும், கம்பிக்குக் கம்பி 45 பாகை. கீழ்ப்பக்கத்து மூன்று கம்பியையும் கழற்றினால் மிச்சம் ஐந்து. அது சரியாக அரைவட்டம். குடையைப் படுக்கையாக வைத்து, கம்பிகள் பூட்டியிருக்கிற உச்சிப் பக்கம் மயிலின் முதுகுக்கும், பிடிப்பக்கம் பின்னாலும் வரட்டும். குழலை முன்னே தள்ளினால் தோகை எழும்பி விரியும், பின்னே இழுத்தால் மடிந்து நீண்டு படுக்கும். உடம்புக்கு அந்தக் கேத்தில். அதன் மூக்கே கழுத்து.

குடைத்தண்டில் மேலேயும் கீழேயும் ஒவ்வொரு சின்ன வில்நாக்கு இருக்கிறது, குடையை விரித்த இடத்திலும் மடித்த இடத்திலும் பூட்டிப் பிடிக்க. இரண்டையும் குறட்டால் பிடுங்கி எறியுங்கள். நான் முதன்முதலாகச் செய்த மயிலில் மேல் நாக்கை மறந்துவிட்டேன். ஒத்திகையில் குழல் அவ்வளவு தூரம் போகவில்லை, ஒன்றும் தெரியவில்லை. கண்காட்சி நாள், பிரதம விருந்தினர் வந்து நிற்க, உற்சாகத்தில் பொடியன் பலமாகச் சுற்றினான். தோகை விரிந்தது, 'டக்' என்று ஒரு சத்தம், பிறகு மடியவே இல்லை. குழலைத் தள்ளுகிற கோல் முறிந்தது. விருந்தினர் கைதட்டிவிட்டுப் போனார், அவருக்கு அது அப்படித்தான் நிற்க வேண்டும் என்று நினைப்பு. பொடியன்தான் அழுதான்.

தள்ளி இழுக்கிற வேலைக்குச் சைக்கிள். கவிழ்த்து, சீற்றிலும் ஹாண்டிலிலும் நிற்க வையுங்கள்; கீழே சாக்கு மடித்துப் போட்டு, ஹாண்டிலை ஒரு வாங்கோடு கட்டிவிடுங்கள். இப்போது பெடல் மேலே, காற்றில் சுற்றுகிறது. பெடல் கை ஏறத்தாழ 17 செ.மீ. நீளம், ஆகவே பெடல் முன்னும் பின்னுமாக 34 செ.மீ. போய்வரும். என்னிடமிருந்த பெரிய ஆம்பிளைக் குடையில் குழல் முழுதாக ஓடுகிற தூரம் 40 செ.மீ.க்குக் கிட்ட இருந்தது. 34தான் கிடைக்கிறதே என்று வருந்த வேண்டாம். குடை முற்றாக மடிந்த இடத்திலிருந்து விரிக்கத் தொடங்கும்போதுதான் பாரம் அதிகம். அந்தக் கடைசித் துண்டை விட்டுவிட்டால் தோகை பாதி சாய்ந்தபடி படுக்கும், தள்ளவும் இலேசு. உங்கள் குடையை முதலில் அளந்து பாருங்கள்.

சங்கிலி இல்லாத பக்கத்துப் பெடலை எடுங்கள். பெடல் தன் அச்சில் தானே சுழலக்கூடியது, உள்ளே குண்டு போட்ட மூட்டு, அதுவும் இலவசமாக. 80 செ.மீ. தும்புத்தடிக் கட்டை ஒன்றைப் பெடலின் மட்டமான முகத்தில் வைத்து, பழைய ரியூபை இரண்டு விரல் அகல வாராக வெட்டி இழுத்து இழுத்துச் சுற்றிக் கட்டுங்கள். மறு நுனியைக் குடைக் குழலின் இரண்டு பக்கமும் கவ்வுகிற மாதிரி வாரால் கட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கட்டினால் குழல் சரிந்து தண்டில் கடிக்கும். குடைத்தண்டு, பெடல் கைகள் சுற்றுகிற நடு அச்சின் அதே உயரத்தில், அதற்கு நேரே நிற்கட்டும். கோலை 80 செ.மீ.க்குக் குறைத்தால் குடைப்பிடியில் பெடல் இடிக்கும். தண்டில் மெழுகுதிரியைத் தேயுங்கள், எண்ணெய் வேண்டாம். எண்ணெய்க்குத் தூசி பிடிக்கும், எங்கள் செம்மண் தூசிக்கு அது ஒரு நாள் தாங்காது. கடைசியாக ஒரு மெல்லிய ரியூப் வாரைக் குழலிலிருந்து மயிலின் முதுகுக்கு இழுத்துக் கட்டுங்கள். தோகையை எழுப்புகிற பாரத்தில் பாதியை அது ஏற்கும். எழுப்பவும் இறக்கவும் கைக்கு ஒரே பாரமாகத் தெரிகிற வரை அந்த வாரைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். இதில் ஒரு முழு நாள் போனாலும் போகட்டும்.

சுற்றுவது பின்சில்லை. நேரே பெடலைப் பிடித்துச் சுற்றினால் பிள்ளைகள் வேகமாகச் சுற்றிக் குடையை உடைப்பார்கள். லுமாலா மாதிரி சாதாரணச் சைக்கிளில் முன் பல்லுச் சில்லில் 44, பின்னுக்கு 18 பல் என்று வைத்தால், பின்சில்லு இரண்டரைத் தரம் சுற்றத்தான் பெடல் ஒருதரம் சுற்றும். நிமிடத்துக்கு முப்பது சுற்று என்று சில்லைத் தள்ளினால், மயில் ஐந்து செக்கனுக்கு ஒருதரம் விரித்து மடிக்கும். உண்மையான மயில் இன்னும் ஆறுதலாகத்தான் செய்யும், ஆனால் கண்காட்சிக்கு வருகிறவர்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

இங்கே பிறீவீல் ஏமாற்றும். சில்லை முன்னோக்கிச் சுற்றினால் 'டிக் டிக் டிக்' என்று நழுவும், பெடல் அசையாது. பின்னோக்கிச் சுற்றினால்தான் உள்ளே இருக்கிற நாக்குகள் பல்லைப் பிடித்துச் சங்கிலியை இழுக்கும். பழுதென்று நினைத்துக் கழற்றத் தொடங்கிவிட வேண்டாம். அந்தச் சத்தத்தை நான் வேண்டுமென்றே விட்டுவைப்பேன்: முன்னோக்கிச் சுற்ற மயில் அசையாமல் நின்று கொறிக்கிற மாதிரி, பின்னோக்கிச் சுற்ற எழும்பி ஆடுகிற மாதிரி.

கவிழ்த்த சைக்கிளைக் கண்டதும் பிள்ளைகளின் அம்மம்மாமார் சிரிப்பார்கள், பாருங்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றறி வராது, மண்ணெண்ணெய் ஆனைவிலை. சைக்கிளை இப்படித்தான் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவின் 6 வோல்ட்டில் றேடியோ பாடும், மற்றவர்கள் சுற்றியிருந்து செய்தி கேட்போம். சுற்றுகிறவன் களைத்தால் செய்தியும் களைக்கும். இரவில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சைப் போட்டு, அது நனைகிற அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, சின்னத் திரி ஒன்றை எரிப்போம். கண்காட்சி அன்று அந்தத் தலைமுறையில் ஒருவரை மயிலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்துங்கள். பிள்ளைகள் எழுதி ஒட்டுகிற விளக்க அட்டையை விட அவர் வாய் நன்றாக விளக்கும்.

தையல் மெசின் காலைச் சேர்ப்பது அடுத்த கட்டம். நேரம் இருந்தால் மட்டும். போரில் ஊரை விட்டு ஓடுகிறபோது எல்லோரும் மெசினின் தலையைக் கழற்றிக் கொண்டுபோனார்கள், காலைத் தூக்க முடியாது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். 2010இல் திரும்பி வந்தபோது வளவில் கால் மட்டும் நின்றது, மிதியில் குறிஞ்சாக் கொடி படர்ந்து. வன்னியில் தலையில்லாத கால்கள் இவ்வளவு கிடப்பதற்குக் காரணம் அது. அதன் வார்ப்பிரும்புச் சில்லு சும்மா பாரம் இல்லை: மிதி உச்சியிலும் அடியிலும் ஒரு கணம் செத்து நிற்கிற இடத்தை அந்தப் பாரம்தான் தாண்டவைக்கிறது. அந்தச் சில்லு ஏறத்தாழ 30 செ.மீ., ரயர் கழற்றிய சைக்கிள் றிம்மின் பள்ளம் ஏறத்தாழ 60. இரண்டையும் பருத்திக் கயிற்றால் சுற்றினால் வேகம் பாதியாகும். கயிற்றில் முடிச்சு வேண்டாம், ஒவ்வொரு சுற்றுக்கும் துள்ளும். நுனிகளைப் பிரித்துப் பின்னித் தையுங்கள். நிமிடத்துக்கு அறுபது தரம் மிதித்தால் கணக்கு அதே ஐந்து செக்கன்தான், ஆனால் இப்போது கை இரண்டும் சும்மா இருக்கும், இன்னொரு பிள்ளை தொங்கவிட்ட கரண்டிகளை மணிபோலத் தட்டலாம். சங்கிலிக்கும் கயிற்றுக்கும் முன்னால் மட்டை கட்டி மறையுங்கள். தரம் 1, 2 பிள்ளைகளின் விரல் எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

தோற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், அது உங்கள் பாடம். தோகைக்கண்ணுக்குப் பால்மா ரின் மூடியைத் தேட வேண்டாம், பாரம். கம்பி நுனியில் பத்துக் கிராம் கூடினாலும் கீழே சுற்றுகிறவனுக்குத் தெரியும். வெறும் மாத்திரை மட்டைகள் போதும், வெயிலில் அவைதான் மின்னும். பெயின்ற் அடிக்காதீர்கள். கேத்தில் கேத்திலாகவே தெரியட்டும். தெரிந்தால்தான் அது மயிலாக மாறுகிற கணம் பார்க்கிறவருக்குக் கிடைக்கும். முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம் நிரந்தரமாக வைக்கப் போகிறீர்கள் என்றால் அலுமினியமும் இரும்பும் தொடுகிற இடத்தில் ரியூப் துண்டு ஒன்றை வோசராக வையுங்கள், இல்லாவிட்டால் உப்புக்காற்றில் இரும்பு தொடுகிற இடத்தில் அலுமினியம் அரித்துப்போகும்.

அந்தப் பிள்ளையின் தகப்பனுடைய சைக்கிள். நான் சொன்னதைத் திரும்ப வாசித்துப் பாருங்கள்: அதில் ஒரு துளைகூட இல்லை, வெட்டு இல்லை, வெல்டிங் இல்லை. எல்லாம் ரியூப் வார்க் கட்டு. வெறும் கையால் அவிழ்க்கலாம். முதலில் நான் இப்படி யோசித்ததே கிடையாது. கண்ட சாமானை எல்லாம் துளைத்துப் பூட்டுவேன். ஒரு வருசம் ஒரு பிள்ளை மூக்குப்பேணி ஒன்று கொண்டுவந்தாள். அடியில் துளை போட்டு மாட்டினேன், நன்றாகத்தான் ஆடியது. கண்காட்சி முடிந்தபின் அவள் வந்து, "சேர், இதை அம்மம்மாட்டைத் திருப்பிக் குடுக்கோணும்" என்றாள். ஈயம் வைத்து அடைத்துக் கொடுத்தேன், ஆனால் தண்ணீர் ஊற்றிக் குடிக்க முடியாது. அன்றிலிருந்து துளைக்க முன் கேட்கிறேன், கேட்டபின்னும் துளைப்பதில்லை.

ஆகவே பிள்ளையிடம் கேளுங்கள், தாயிடமும் கேளுங்கள். சம்மதித்தால் சில்லைச் சுற்றுகிற வேலை அந்தப் பிள்ளைக்கே. சம்மதிக்காவிட்டால் ஊரில் வேறு சைக்கிள் இல்லாமலா போகும்? கண்காட்சி முடிந்த அன்றே வாரை அவிழ்த்து, சைக்கிளை நிமிர்த்தி, ஹாண்டில் கோணியிருக்கிறதா என்று பாருங்கள்; ரயர் கழற்றியிருந்தால் போடும்போது ரியூப் மடிந்து நசுங்காமல் முதலில் கொஞ்சம் காற்று அடித்துக்கொண்டு போடுங்கள். திங்கட்கிழமை அவன் அதில்தான் பள்ளிக்கூடம் வர வேண்டும்.